லூ ஷைமர் அரைத்த மாவு

கார்ட்டூன் வரலாறு எழுதுகிறவர்களுக்கு எப்போதும் ஒரு வில்லன் தேவைப்படுகிறான். வால்ட் டிஸ்னிக்கு நாயகன் வேடம் கொடுத்தாயிற்று. வார்னர் பிரதர்ஸ் ஓவியர்கள் குறும்புக்காரத் தோழர்கள். ஹன்னாவும் பார்பராவும் வயிற்றுப்பாட்டுக்காகத் தடம் மாறிய திறமைசாலிகள். மிச்சமிருந்த வில்லன் வேடத்தை லூ ஷைமருக்கு மாட்டிவிட்டார்கள். அவர் நடத்திய ஸ்டூடியோவின் பெயர் ஃபில்மேஷன். விவரம் தெரிந்தவர்கள் நடுவே அந்தப் பெயரே ஒரு வசவு. 'ஃபில்மேஷன் மாதிரி இருக்கிறது' என்று ஒரு படத்தைச் சொன்னால், மட்டமாக இருக்கிறது என்று அர்த்தம்.

அவர் மேல் உள்ள குற்றப்பத்திரிகை எல்லாருக்கும் மனப்பாடம். வரைந்த ஓவியத்தையே திரும்பத் திரும்பக் காட்டினார். பாத்திரங்களைச் சிலை மாதிரி நிறுத்திவைத்து வாயை மட்டும் அசைத்தார். பொம்மைக் கம்பெனிக்கு அரை மணி நேர விளம்பரம் எடுத்துக் கொடுத்துவிட்டு, அந்தப் பாவத்தைக் கழுவக் கடைசியில் ஒரு நிமிட நீதி போதனையை ஒட்டினார். தொலைக்காட்சிக் கார்ட்டூன்களைப் படம் போட்ட வானொலி என்று வார்னர் பிரதர்ஸின் சக் ஜோன்ஸ் கேலி செய்தது பொதுவாகச் சொன்னதுதான். ஆனால் அந்தக் கேலியைக் கேட்டதும் எல்லாருடைய விரலும் ஷைமர் பக்கமே நீள்கிறது.

இந்தத் தீர்ப்பு தப்பு என்பது என் கட்சி. ஷைமர் அரைத்த மாவையே அரைத்தார். அதை நான் மறுக்கப்போவதில்லை. மறுத்தால் ஒரு எபிசோடைப் போட்டுக் காட்டி என் வாயை அடைத்துவிடலாம். என் கேள்வி வேறு. ஒரு மனிதர் கால் நூற்றாண்டுக்கு மேல் சிக்கனமாகத் தொழில் நடத்தினார் என்றால், மிச்சம் பிடித்த காசு எங்கே போனது என்று பார்க்க வேண்டாமா? எங்கே கையை இறுக்கினார் என்பதைக் குழந்தை கூடக் கண்டுபிடிக்கும். எங்கே கையை அவிழ்த்தார் என்று தேடிப் பார்த்தவர்கள் குறைவு. கஞ்சனையும் சிக்கனக்காரனையும் பிரித்தறிய அது ஒன்றுதான் வழி.

முதலில் ஆளைப் பற்றிச் சில வரிகள். 1928-இல் பிட்ஸ்பர்க் நகரில் பிறந்தவர். அங்கேயே கார்னகி தொழில்நுட்பக் கல்லூரியில் ஓவியம் படித்துப் பட்டம் வாங்கினார். லாஸ் ஏஞ்சலஸுக்குப் போய்ப் பல ஸ்டூடியோக்களில் கூலிக்கு வரைந்தார். 1962-இல் டிஸ்னியில் வேலை பார்த்திருந்த ஹால் சதர்லண்டும், வானொலித் துறையிலிருந்து வந்த நார்ம் பிரெஸ்காட்டும் சேர, ஃபில்மேஷன் பிறந்தது. ஆரம்ப வருடங்களில் வேலையே இல்லை. சூப்பர்மேன் உரிமையை வைத்திருந்தவர்கள் ஸ்டூடியோவைப் பார்க்க ஆள் அனுப்புகிறார்கள் என்று தகவல் வந்தபோது, மேசைகள் காலியாகக் கிடந்தன. மற்ற ஸ்டூடியோக்களில் வேலை பார்த்த நண்பர்களைக் கூப்பிட்டு, மேசைக்கு ஒருவராக உட்காரவைத்து, மும்முரமாக வரைவதுபோல் நடிக்கச் சொன்னார். வந்தவர் திருப்தியாகத் திரும்பிப் போனார். ஷைமரே பிற்காலத்தில் சிரித்துக்கொண்டு சொன்ன கதை இது. 1966 செப்டம்பரில் சூப்பர்மேன் சிபிஎஸ் தொலைக்காட்சியில் பறந்தபோது, நடிக்க உட்கார்ந்த மேசைகளில் நிஜமாகவே ஆட்கள் வரைந்துகொண்டிருந்தார்கள்.

மேசைக்கு ஆள் வேண்டும் என்ற அந்தத் தவிப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த மனிதரின் மொத்தத் தொழில் வாழ்க்கையும் அதற்குள் அடக்கம்.

இப்போது முதல் குற்றச்சாட்டுக்கு வருவோம். திரும்பத் திரும்ப ஒரே ஓவியம். இதற்குப் பதில் ஒரு கணக்கில் இருக்கிறது. திரைப்படச் சுருள் நொடிக்கு 24 சட்டகம் ஓடுகிறது. இரண்டு சட்டகத்துக்கு ஒரு ஓவியம் என்று வைத்தாலும் நொடிக்கு 12 ஓவியம். விளம்பரம் போக 22 நிமிடம் ஓடும் ஓர் எபிசோடுக்கு 15,840 ஓவியம். தினம் ஒன்றாக வாரத்துக்கு ஐந்து நாள், 13 வாரம் காட்ட 65 எபிசோட் வேண்டும். பெருக்கிப் பாருங்கள், பத்து லட்சத்தைத் தாண்டும். அதுவும் திரையில் ஒரே ஒரு பாத்திரம் நிற்கிறது என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு.

இதே ஹன்னாவும் பார்பராவும் எம்ஜிஎம் ஸ்டூடியோவில் இருந்தபோது, 1940 முதல் 1958 வரை 114 டாம் அண்ட் ஜெர்ரி படங்கள் வந்தன. வருடத்துக்கு ஏறக்குறைய ஆறு. ஒவ்வொன்றும் ஏழெட்டு நிமிடம். ஆக, திறமையில் உச்சத்தில் இருந்த ஒரு பட்டாளம் வருடம் முழுக்க வரைந்தால் முக்கால் மணி நேரப் படம் கிடைத்தது. அதற்கு ஏழு ஆஸ்கார் கிடைத்ததில் வியப்பில்லை. ஷைமர் 'ஹீ-மேன்' தொடருக்கு ஒரு பருவத்தில் கொடுக்க வேண்டியிருந்தது 65 எபிசோட், அதாவது 1,430 நிமிடம். முப்பது மடங்குக்கும் மேலே. கல்யாண விருந்தையும் சத்துணவுக் கூடத்தையும் ஒரே தராசில் வைத்து, கூடத்துச் சாம்பாரில் முருங்கைக்காய் குறைவு என்று தீர்ப்பு எழுதுவது நியாயமா?

எம்ஜிஎம் தன் கார்ட்டூன் பிரிவை 1957-இல் மூடியது. வேலை இழந்த ஹன்னாவும் பார்பராவும் தொலைக்காட்சிக்குப் போனபோது ஐந்து நிமிடப் படத்துக்குக் கிடைத்தது சுமார் 3,000 டாலர். தலையை ஒரு தாளிலும் உடம்பை ஒரு தாளிலும் வரைந்து, தலையை மட்டும் அசைக்கிற சிக்கன முறையைத் தொலைக்காட்சியில் நிலைநாட்டியவர்கள் அவர்களே. யோகி கரடியின் கழுத்தில் சட்டை இல்லாமல் காலரும் டையும் மட்டும் தொங்குவது அந்தத் தாள்களின் ஒட்டு தெரியாமல் இருக்கத்தான். அப்படியானால் குற்றம் ஒன்று, குற்றவாளிகள் பலர். தண்டனை மட்டும் ஏன் ஷைமருக்கு?

காரணம் இருக்கிறது. ஷைமர் தன் சிக்கனத்தை ஒளிக்கவில்லை. ஃபில்மேஷனில் ஓவியங்களின் கிடங்கு ஒன்று இருந்தது. ஹீ-மேன் ஓடுவது, குதிப்பது, பாறையைத் தூக்குவது, திரும்பிப் பார்ப்பது என்று ஒவ்வோர் அசைவும் ஒருமுறை மிகுந்த கவனத்தோடு வரையப்பட்டது. நிஜ மனிதரை ஓடவிட்டுப் படம் பிடித்து, அந்தச் சட்டகங்களின் மேல் கோடிழுத்து எடுத்த அசைவுகளும் அதில் உண்டு. அதனால்தான் ஃபில்மேஷன் பாத்திரங்கள் நிற்கும்போது மரக்கட்டை மாதிரியும், ஓடும்போது திடீரென்று உயிருள்ள மனிதர் மாதிரியும் தெரிகிறார்கள். அப்படி வரைந்ததைப் பத்திரப்படுத்தி, பின்னணியை மாற்றி, இன்று காட்டிலும் நாளை பாலைவனத்திலும் ஓடவிட்டார்கள். நல்ல அசைவு ஒன்றை வரைந்து நூறு முறை காட்டுவதா, நூறு மோசமான அசைவுகளை வரைவதா என்ற கேள்விக்கு அவர் முதலாவதைத் தேர்ந்தார். தினமும் பார்க்கிற ரசிகன் கண்டுபிடித்துவிடுவான் என்று தெரிந்தே தேர்ந்தார்.

அந்தச் சிக்கனம் எந்த அளவுக்குப் போகும் என்பதை ஓர் எழுத்தில் காட்டலாம். ஹீ-மேன் தொடரில் ஒரு குட்டி மந்திரவாதி வருவான். முகம் தெரியாது, பெரிய தொப்பிக்கும் கழுத்துத் துணிக்கும் நடுவே இரண்டு கண்கள் மட்டும் மினுங்கும். காலில்லாமல் காற்றில் மிதப்பான். போடுகிற மந்திரமெல்லாம் தப்பாகப் போகும். அவனுக்கு முதலில் வைத்த பெயர் கோர்போ. பெயரின் முதல் எழுத்தான ஆங்கில 'ஜி' அவன் நெஞ்சில் இருக்கும். அங்கேதான் சிக்கல் வந்தது. செல் தாள் கண்ணாடி போல ஊடுருவித் தெரியும். வலப்பக்கம் பார்க்கும் ஓவியத்தைப் புரட்டி வைத்தால் இடப்பக்கம் பார்க்கும் ஓவியம் இலவசமாகக் கிடைக்கும். ஆனால் புரட்டினால் நெஞ்சிலுள்ள 'ஜி' இடம் வலமாகத் திரும்பிவிடுமே? பெயரை ஓர்கோ என்று மாற்றினார்கள். 'ஓ' வெறும் வட்டம். எந்தப் பக்கம் புரட்டினாலும் வட்டம் வட்டமே.

கேலி செய்கிறவர்கள் இந்தக் கதையை இதோடு நிறுத்திவிடுவார்கள். பாருங்கள், ஓவியத்தை மிச்சப்படுத்தப் பிள்ளையின் பெயரையே மாற்றிய கஞ்சன்! மிச்சத்தையும் கேளுங்கள். ஓர்கோ பொம்மைக் கம்பெனி கொடுத்த பாத்திரம் இல்லை. ஃபில்மேஷன்காரர்கள் தாங்களே உண்டாக்கிய பாத்திரம்; அவனைப் பார்த்துத்தான் பொம்மைக் கம்பெனியான மேட்டல் பிறகு பொம்மை செய்தது. மலைபோலத் தசை வளர்ந்த மாவீரர்கள் நடுவே, எதையும் சரியாகச் செய்யத் தெரியாத ஒரு குட்டிப் பயலைக் குழந்தைகள் தங்கள் ஆளாக எடுத்துக்கொண்டார்கள். அவனுக்குக் குரல் கொடுத்தவர் லூ ஷைமரே. முதலாளியின் பெயர் எல்லா இடத்திலும் வரவேண்டாம் என்று எரிக் கண்டன் என்ற புனைபெயரைப் போட்டுக்கொண்டார். கம்பெனித் தலைவர் ஒலிப்பதிவு அறையில் நின்று கீச்சுக் குரலில் பேசியது குரல் கூலியை மிச்சப்படுத்தத்தான் என்று நீங்கள் சொல்லலாம். இருக்கட்டும். வரைபலகையிலிருந்து ஒலிவாங்கி வரை தன் கை படாத இடமில்லாமல் வேலை செய்த முதலாளிகள் எத்தனை பேரை உங்களுக்குத் தெரியும்?

இனி, மிச்சம் பிடித்த காசு போன இடம். எழுபதுகளின் கடைசியில் அமெரிக்கக் கார்ட்டூன் கம்பெனிகள் ஒவ்வொன்றாக வரைபடக் கட்டுகளை விமானத்தில் ஏற்றி அனுப்பத் தொடங்கின. கதையும் குரலும் லாஸ் ஏஞ்சலஸில். வரைவதும் வண்ணம் தீட்டுவதும் தைவானிலும் கொரியாவிலும் ஜப்பானிலும். அங்கே கூலி குறைவு. அதனால் அதே செலவில் அதிக ஓவியங்கள் கிடைத்தன. படம் பார்க்க வழவழவென்று இருந்தது. லாஸ் ஏஞ்சலஸ் அனிமேஷன் தொழிலாளர் சங்கம் இதை எதிர்த்து 1979-இலும் 1982-இலும் வேலைநிறுத்தம் செய்தது. இரண்டாவது போராட்டம் தோற்றது. அதன் பிறகு கதவு அகலத் திறந்துவிட்டது.

ஷைமர் அந்தக் கதவு வழியாகப் போகவில்லை. 1981-இன் 'ஸோரோ' தொடரை ஜப்பானில் வரையக் கொடுத்தது ஒரு விதிவிலக்கு. மற்றபடி ஃபில்மேஷன் படங்கள் கலிஃபோர்னியாவின் சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கில், சங்கக் கூலி வாங்கிய ஆட்களால் வரையப்பட்டன. நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்கு அங்கே அடுப்பெரிந்தது. இப்போது கணக்கைச் சேர்த்துப் பாருங்கள். மற்றவர்கள் ஆளைக் குறைத்து ஓவியத்தைக் கூட்டினார்கள். ஷைமர் ஓவியத்தைக் குறைத்து ஆளைக் காப்பாற்றினார். ஹீ-மேன் ஒரே மாதிரி ஓடியதால்தான் அவனை வரைந்தவர் வீட்டு வாடகை கட்ட முடிந்தது. திரையில் நாம் பார்த்துச் சிரித்த அந்த ஓட்டம், ஒருவருடைய சம்பளச் சீட்டு.

இங்கே நம் ஊர் வாசகர் ஒருவர் நியாயமாகவே குறுக்கிடுவார். வேலை அமெரிக்காவை விட்டுக் கிளம்பியதால்தானே தைவானிலும் கொரியாவிலும் தொழில் வளர்ந்தது? பின்னாளில் சென்னைக்கும் திருவனந்தபுரத்துக்கும் அந்த வேலை வந்து நம் பிள்ளைகள் கணினி முன் உட்கார்ந்தார்களே? அமெரிக்கனின் வேலையை அமெரிக்கனிடமே வைத்திருந்ததை நாம் ஏன் கொண்டாட வேண்டும்? கேள்வி சரிதான். கொண்டாடச் சொல்லவில்லை, புரிந்துகொள்ளச் சொல்கிறேன். வெளியூருக்கு வேலை அனுப்பியவர்கள் நம்மேல் பிரியப்பட்டு அனுப்பவில்லை. இன்னும் மலிவான ஊர் தென்பட்டதும் அங்கே போனார்கள். தன்னிடம் வேலை பார்க்கிறவனின் முகத்தைப் பார்த்துத் தொழில் நடத்துகிற முதலாளி எந்த நாட்டுக்காரனாக இருந்தாலும் அரிது. அந்த அரிய குணத்துக்கான விலையைத்தான் ஷைமர் தன் படங்களின் அழகிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அந்தக் கொடுக்கல் வாங்கலை விட்டுவிட்டு அழகை மட்டும் அளக்கிறவர் பாதிக் கணக்குத்தான் பார்க்கிறார்.

காசு போன இன்னொரு இடம் எழுத்து. 'படம் போட்ட வானொலி' என்ற கேலியில் ஓர் உண்மை இருக்கிறது: அசைவு குறைந்தால் வார்த்தைதான் படத்தைத் தூக்க வேண்டும். அப்படியானால் வார்த்தை எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டியதுதானே நியாயம்?

1973-இல் ஷைமர் 'ஸ்டார் டிரெக்'கைக் கார்ட்டூனாக எடுத்தார். நாடகமாக வந்த மூலத் தொடர் 1969-இலேயே நின்றுபோயிருந்தது. கார்ட்டூன்தானே, குழந்தைகளுக்குத்தானே என்று கைக்கெட்டியவர்களை வைத்து எழுதவில்லை. மூலத் தொடரின் கதைப் பொறுப்பை வகித்த டி.சி. ஃபொண்டானாவையே கூப்பிட்டார்கள். டேவிட் ஜெரோல்டு எழுதினார். அறிவியல் புனைகதை உலகின் பெரிய பெயர்களில் ஒன்றான லாரி நிவன் எழுதினார். ஃபொண்டானா எழுதிய ஒரு கதையில் ஸ்பாக் தன் சிறுவயதுக்குத் திரும்பிப் போகிறான். சிறுவன் ஸ்பாக்கைக் காப்பாற்றப் போய் அவனுடைய வளர்ப்பு விலங்கு விஷம் ஏறிக் கிடக்கிறது. வைத்தியர் இரண்டு வழி சொல்கிறார்: வலியோடு கொஞ்ச காலம் இழுத்துக்கொண்டு கிடக்கலாம், அல்லது வலியில்லாமல் இப்போதே போகலாம். முடிவு சிறுவன் கையில். அவன் இரண்டாவதைத் தேர்கிறான். சனிக்கிழமைக் காலை, தட்டில் சோளப்பொரியோடு உட்கார்ந்திருக்கிற எட்டு வயதுப் பிள்ளைக்கு இதைக் காட்டினார்கள். அந்தக் காட்சியில் உருவங்கள் அதிகம் அசையவில்லை என்பது உண்மை. அசைந்திருந்தால் அதன் கனம் கூடியிருக்கும் என்று யாராவது மார்தட்டிச் சொல்லட்டும்.

இந்தத் தொடரிலும் ஷைமர் கை இறுக்கமாகத்தான் இருந்தது. உஹூராவுக்கும் சூலுவுக்கும் வேறு நடிகர்களையே பேசவைத்துச் சமாளிக்கலாம் என்று முதலில் நினைத்தார்கள். அந்த இருவரும் இல்லாமல் நான் வரமாட்டேன் என்று ஸ்பாக்காக நடித்த லெனர்ட் நிமோய் சொன்ன பிறகுதான் நிஷெல் நிக்கோல்ஸும் ஜார்ஜ் டக்கேயும் உள்ளே வந்தார்கள். மூலத் தொடரில் நடித்த வால்டர் கோனிக்குக்குக் கடைசிவரை இடமில்லை; அவர் ஒரு கதை மட்டும் எழுதிக் கொடுத்தார். இது ஷைமருக்குப் பெருமை சேர்க்கிற கதையில்லை, மறைக்கவும் மாட்டேன். ஆனால் முடிவு என்ன? மூலத் தொடருக்கு ஒருபோதும் கிடைக்காத எம்மி விருது, 22 எபிசோட் மட்டுமே ஓடிய இந்தக் கார்ட்டூனுக்கு 1975-இல் கிடைத்தது.

ஸ்டார் டிரெக் கார்ட்டூன் வருவதற்கு ஒரு வருடம் முன்பு, 1972-இல், 'ஃபேட் ஆல்பர்ட்' தொடங்கியிருந்தது. ஃபிலடெல்ஃபியாவின் பழைய சாமான் கிடங்கில் விளையாடும் கறுப்பினப் பிள்ளைகளின் கதை. அந்தப் பிள்ளைகள் ஏழைகள். கிடங்கில் கிடைத்த குப்பையில் வாத்தியம் செய்து பாடுவார்கள். பொய், திருட்டு, போதை, பெற்றோரின் மணமுறிவு, துப்பாக்கி என்று எல்லாமே கதையாகின. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் கார்டன் பெர்ரியின் தலைமையில் கல்வியாளர்கள் கதைகளைப் படித்துத் திருத்தச் சொன்னார்கள். அந்தத் தொடர் 1985 வரை வந்தது. அதன் முகமாக இருந்த பில் காஸ்பி மீது பிற்காலத்தில் எழுந்த பாலியல் குற்றச்சாட்டுகளால் இன்று அந்தப் படத்தின் பெயரைச் சொல்லவே கூசுகிறோம். கூச்சம் நியாயமானது. ஆனால் அந்தப் படத்தை வரைந்த, எழுதிய, திருத்திய அத்தனை பேரின் உழைப்பையும் ஒரு மனிதனின் குற்றத்தோடு சேர்த்துப் புதைப்பது நியாயமில்லை.

அடுத்தது பொம்மை. ஹீ-மேன் பொம்மை மேட்டல் கம்பெனியில் 1982-இல் வந்தது. கார்ட்டூன் 1983 செப்டம்பரில் வந்தது. பொம்மை முந்தி, கதை பிந்தி. குழந்தைகள் நிகழ்ச்சியில் விளம்பரத்துக்கிருந்த கட்டுப்பாடுகளை ரேகன் காலத்து ஆணையம் தளர்த்திய நேரம் அது. பெற்றோர் அமைப்புகள் கொதித்தன. அந்தக் கோபத்தில் முக்கால்வாசி எனக்கும் உடன்பாடே. பிள்ளையின் ஆசையைக் காசாக்குகிற வியாபாரத்துக்கு ஷைமர் கதவைத் திறந்துவிட்டவர்களில் ஒருவர். அவர் பின்னால் வந்தவர்கள் அந்தக் கதவையே பெயர்த்து எடுத்துக்கொண்டு போனார்கள்.

ஆனால் விளம்பரம் என்றால் பொருளை விற்பதோடு அதன் வேலை முடிய வேண்டும். ஷைமரின் ஆட்கள் அதோடு நிற்கவில்லை. இடுப்புத் துணியும் வாளுமாகக் கடைக்கு வந்த பொம்மை அது. தொலைக்காட்சி விதிப்படி அந்த வாளால் யாரையும் வெட்டக் கூடாது, குத்தும் கூடாது. சண்டை போட முடியாத மாவீரனை வைத்து 130 கதை சொல்ல வேண்டும். எழுத்தாளர்கள் வேறு வழியில்லாமல் அவனுக்கு மனசாட்சியைக் கொடுத்தார்கள். ஒரு கதையில், தான் தூக்கி எறிந்ததில் ஓர் அப்பாவி செத்துப்போனதாக எதிரி செய்த சூழ்ச்சியை நம்பி, ஹீ-மேன் தன் வாளைப் பாதாளத்தில் வீசிவிட்டு இனி இந்தப் பலம் எனக்கு வேண்டாம் என்று போகிறான். வாளை விற்கிற கம்பெனியின் விளம்பரத்தில் நாயகன் வாளை வீசி எறிகிறான்! இன்னொரு கதையில் டீலா என்ற வீராங்கனை தன்னைப் பெற்றவள் யார் என்று தேடிப் போகிறாள். கண்டுபிடிக்கிறாள். அந்த நினைவு அவளிடமிருந்து அழிக்கப்படுகிறது. தாய்க்கு மட்டும் நினைவு மிஞ்சுகிறது. இதை எழுதியவர் பால் டினி. எந்தப் பொம்மையை விற்க இந்தக் கதை உதவியது?

கடைசி ஒரு நிமிட நீதி போதனையைப் பற்றி. கதை முடிந்ததும் ஒரு பாத்திரம் நேரே நம்மைப் பார்த்து, இன்று என்ன கற்றோம் என்று பேசும். செயற்கையாக இருக்கும், எரிச்சலாகக் கூட இருக்கும். கதையே சொல்லிவிட்டதை எதற்கு இன்னொரு தடவை என்று எனக்கும் தோன்றியதுண்டு. இதற்கு வக்காலத்து வாங்கப்போவதில்லை. ஒன்று மட்டும் சொல்வேன்: இதைப் பாவம் கழுவுகிற தந்திரம் என்பவர்கள் தேதியைப் பார்க்கவேண்டும். ஷைமர் பொம்மைத் தொடர் எடுப்பதற்குப் பத்து வருடம் முன்பே ஃபேட் ஆல்பர்ட் முழுக்க முழுக்க இதைத்தான் செய்துகொண்டிருந்தது. பாவம் செய்வதற்குப் பத்து வருடம் முன்பே எவனும் கழுவாய் தேடுவதில்லை. அது அந்த மனிதரின் சுபாவம். வாத்தியார் குணம். சலிப்பூட்டுகிற குணம்தான், போலிக் குணம் இல்லை.

ஃபில்மேஷன் எதையும் விட்டுச்செல்லவில்லை என்பது கடைசிக் குற்றச்சாட்டு. அந்தப் பள்ளத்தாக்கு ஸ்டூடியோவில் இளம்வயதில் வேலை பார்த்தவர்களின் பட்டியலைப் பாருங்கள். பால் டினியும் புரூஸ் டிம்மும் அங்கே இருந்தவர்கள். 1992-இன் 'பேட்மேன்' தொடரைச் செதுக்கி, ஹார்லி குவின் என்ற பாத்திரத்தை உலகுக்குக் கொடுத்தவர்கள் இவர்கள். அந்தப் பேட்மேன் தொடரைத் தொலைக்காட்சி அனிமேஷனின் சிகரம் என்று புகழ்கிற அதே வாய்தான் ஃபில்மேஷனைக் குப்பை என்கிறது. ஃபில்மேஷனின் இன்னொரு தொடரான ஷீ-ராவை லாரி டிடிலியோவோடு சேர்ந்து வடிவமைத்த ஜே. மைக்கேல் ஸ்ட்ராசின்ஸ்கி, பிறகு 'பேபிலான் 5' எழுதினார். ஷீ-ரா 93 எபிசோட் ஓடியது; ஒரு பெண் தலைமையில் சர்வாதிகாரத்தை எதிர்க்கும் கலகக் கூட்டத்தின் கதை. 2018-இல் நெட்ஃபிளிக்ஸ் அதைப் புதிதாக எடுத்தபோது ஒரு புதிய தலைமுறை அதைத் தன்னுடையதாக்கிக்கொண்டது. வேலை வெளிநாடு போயிருந்தால் டிம் போன்ற இளைஞர்கள் எந்த மேசையில் உட்கார்ந்து தொழில் பழகியிருப்பார்கள்? அரைத்த மாவு என்று நாம் ஒதுக்கிய இடம், பலருக்குப் பள்ளிக்கூடம்.

எதிர்த்தரப்புக்கு நான் ஒரு வாதத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். அதுதான் அவர்களின் வலுவான வாதமும். அவகாசமும் பணமும் இல்லாததால்தான் மட்டமாக எடுத்தார் என்றால், அவை கிடைத்தபோது என்ன எடுத்தார்? 1987-இல் வந்த பினோக்கியோ படத்தையும், ஸ்னோ ஒயிட் கதையின் தொடர்ச்சியாக எடுத்து ஸ்டூடியோ மூடிய பிறகு அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்த படத்தையும் பார்த்தால் பதில் தெரியும். இரண்டும் ஓடவில்லை, இரண்டும் பெரிய படங்களும் இல்லை. டிஸ்னி பறித்த பூவின் காம்பைப் பிடித்துத் தொங்கிய முயற்சிகள். ஷைமர் மகா கலைஞர் இல்லை. அப்படி நான் ஒரு வரி கூட எழுதவில்லை. மகா கலைஞர்களுக்கு மட்டும்தான் மரியாதை என்று சட்டம் இருந்தால் அவரை விட்டுவிடுங்கள். இருக்கிற கருவியில், கிடைத்த கூலியில், கூட நிற்கிறவனைக் கைவிடாமல் கால் நூற்றாண்டுக்கு மேல் தொழில் செய்தவனுக்கும் வரலாற்றில் ஓர் இடம் உண்டு என்றால், அவரை வில்லன் வேடத்திலிருந்து இறக்கி அங்கே உட்காரவையுங்கள்.

முடிவு எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஃபில்மேஷன் அப்போது வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனியின் சொத்து. அவர்கள் அதை, அழகுசாதனக் கம்பெனியான லோரியல் பின்னணியில் இருந்த ஒரு முதலீட்டுக் குழுவிடம் விற்றார்கள். வாங்கியவர்களுக்கு வேண்டியிருந்தது பழைய படங்களின் கிடங்கு. வரைகிற ஆட்கள் வேண்டியிருக்கவில்லை. பெரிய நிறுவனங்கள் ஆட்களை மொத்தமாக வேலையை விட்டு அனுப்புவதற்கு 60 நாள் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்ற புதிய அமெரிக்கச் சட்டம் 1989 பிப்ரவரி 4-ஆம் தேதி அமலுக்கு வந்தது. ஃபில்மேஷனை மூடிய தேதி பிப்ரவரி 3.